சேம் சைடு கோலுக்கு ஒரு மன்றாட்டு

உலகக் கோப்பையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பது என் யோசனை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதிய பிறகு படித்துப் பார்த்தால், பழியை வேறு யார் தலையிலோ கட்டுவதுபோல் இருக்கிறது. யோசனை எங்கள் பங்குத்தந்தையுடையது. சொன்னது நான்.

காரைக்குடியில் எங்கள் கோயிலில் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும். நான் பி.எட். முடித்தவள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். சும்மாதானே இருக்கிறாள் என்று ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். என் பத்து வயது மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அந்த ஜூன் மாதம் உலகக் கோப்பை ஆட்டங்கள் அமெரிக்கப் பக்கம் நடந்ததால், இங்கே பல ஆட்டங்கள் விடியற்காலையில்தான் டிவியில் வந்தன. அப்பாக்களோடு எழுந்து மேட்ச் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுந்தார்கள். தூங்காதவர்கள் கோல் கதை பேசினார்கள். நான் ஃபாதரிடம் போய்ப் புலம்பினேன்.

"அதைச் சொல்லியே எழுப்புங்க டீச்சர். அந்தக் கோப்பைக்கு எம்புட்டுக் கதை இருக்கு! கடைசிப் பத்து நிமிஷம் அதைச் சொல்லுங்க. கையோட ஒரு நீதியையும் சொருகி விட்டுருங்க" என்றார்.

என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதைத் தேவைக்கு மேல் செய்வேன். கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கைக்குழந்தை தூங்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் தேடித் தேடிக் குறிப்பெடுத்தேன். முதல் ஞாயிறு 1930. பதின்மூன்றே அணிகள். ஐரோப்பாவிலிருந்து சில அணிகள் வாரக்கணக்காகக் கப்பலில் போயின. கப்பலின் மேல்தளத்திலேயே பயிற்சி எடுத்தார்கள். பிறகு உலகப் போர் வந்தபோது, இத்தாலியில் ஓர் அதிகாரி கோப்பையை ஷூ டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாராம். பிள்ளைகள் ஒருவர்கூடத் தூங்கவில்லை. நீதியைத்தான் சொருக முடியவில்லை. 

இரண்டாவது ஞாயிறு 1950. இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. வெறுங்காலோடு ஆடக் கூடாது என்றதால்தான் போகவில்லை என்று பலரும் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை என்றும் சொல்கிறார்கள். எது சரியென்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன். "நம்ம போயிருந்தா கப்பு நமக்குத்தான டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். "போயிருந்தாத்தான" என்று என் மகள் பதில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அதே வருடம் சொந்த மண்ணில் பிரேசில் தோற்றது. தோல்விக்குக் கோல்கீப்பரைக் காரணம் சொன்னார்கள். அவர் கிழவரான பிறகு, தன் நாட்டு அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனபோதுகூட ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லையாம். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

மூன்றாவது ஞாயிறுக்காகத் தேடும்போதுதான் அதைப் படித்தேன். 1994இல் கொலம்பியா அணியில் தடுப்பாட்டம் ஆடிய ஒருவர், எதிரணி அடித்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து அவர் காலில் பட்டுச் சொந்தக் கோலுக்குள்ளேயே போனது. சேம் சைடு கோல். அணி வெளியேறி ஊர் திரும்பியது. திரும்பிய சில நாட்களில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு விளையாட்டில், தெரியாமல், காலில் பட்ட பந்துக்காகவா?

என் கணவருக்கு நேமத்தான்பட்டியில், ஹோட்டலாக்கிய ஒரு பெரிய வீட்டில், வரவேற்பில் வேலை. அன்று அவர் வந்ததும் கேட்டேன். "பிள்ளைககிட்ட இதைச் சொல்லலாமாங்க?"

"சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"மன்னிப்பைப் பத்திச் சொல்லணும்ல. பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும்னு இயேசு சொன்ன கதையோட சேத்துச் சொன்னாப் பதியும்."

"அப்பச் சொல்லு. எதையும் முடிவு பண்ணிட்டுத்தான என்னையக் கேக்குற" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கோலுக்காகத்தான் சுட்டார்களா, வேறு தகராறா என்று இன்றும் பேச்சிருக்கிறது என்பதைக் குறித்து வைத்திருந்தேன். நேரமாகிவிட்டதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பங்குத் திருவிழாவையொட்டிப் பிள்ளைகளுக்கான கால்பந்து. எங்கள் பங்கில் தெருவாரியாக முப்பது, நாற்பது குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஓர் அணி. எங்கள் அன்பியத்தில் ஆள் பத்தாமல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். என் மகளைக் கோல்கீப்பருக்கு முன்னால், பந்தைத் தடுக்க நிறுத்தினார்கள். கோயிலுக்குப் பின்னால் உள்ள செம்மண் மைதானம். ஆட்டம் முடியப்போகும் நேரம்வரை யாரும் கோல் போடவில்லை. பந்து வலப்பக்கமிருந்து உருண்டு வந்தது. அவள் அதை வெளியே தள்ளக் காலை நீட்டினாள். பந்து அவள் குதிகாலில் பட்டுத் திரும்பி, எங்கள் கோல்கீப்பரைத் தாண்டி உள்ளே போனது.

எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல். எங்கள் பக்கம் "அடடா" என்றார்கள். ஆட்டம் முடிந்து, வேர்த்து வடிய அவள் என்னிடம் வந்தபோது, எங்கள் அன்பியத் தலைவரும் வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமியார் வழியில் தூரத்து உறவு. எனக்கு மாமா முறை, அவளுக்குத் தாத்தா. தங்கமான மனிதர். அவர் பேரன் என் வகுப்பில் இருப்பதால் கதையெல்லாம் அவர் வீட்டுக்கும் போயிருந்தது. விரலைத் துப்பாக்கிபோல் நீட்டி, "ஆத்தா, நீ மட்டும் கொலம்பியாவுல பொறந்திருந்தா இந்நேரம் டுமீல்தான்!" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் வேடிக்கையாகச் சொல்கிறார், முகத்தைச் சுளித்தால் நன்றாக இருக்காது. நானும் சிரித்தேன்.

மறுநாள் மாலை கொடியேற்றம். கொடி மேலே போகும்போது வழக்கம்போல் வேட்டுப் போட்டார்கள். முதல் வேட்டுக்கே மகளைக் காணவில்லை. கூட்டத்தில் தேடி, கோயிலுக்குள் தேடி, கடைசியில் பூசை உடுப்புகள் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து வயசாச்சு. தம்பியே அழுகல. வேட்டுச் சத்தத்துக்குப் போயி ஒளியிற?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

திங்கட்கிழமை சாப்பிடவில்லை. முனைக்கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வரமாட்டேன் என்றாள். பகலில் வாசல் கதவைப் பூட்டச் சொன்னாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அவள் கேட்டாள்: "அம்மா, இந்த வாரம் அன்பியக் கூட்டம் நம்ம வீட்லயா?"

"ஆமா, வெள்ளிக்கிழம. நம்ம முறை."

"வேணாம்மா. வேற வீட்ல வைக்கச் சொல்லு. தாத்தா வருவாகல்ல?"

அந்த நொடியில் என் மனம் எங்கே போனது என்று எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைக்குப் பெண் பிள்ளையைப் பெற்றவள் எவளுக்கும் மனம் அங்கேதான் போகும். கதவைச் சாத்திவிட்டு அவளை மடியில் உட்கார வைத்து, டீச்சராக இருந்தபோது பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறைப்படி ஒவ்வொன்றாகக் கேட்டேன். தாத்தா உன்னைத் தொட்டாரா? தனியாகக் கூப்பிட்டாரா? அம்மாவிடம் சொல்லாதே என்றாரா? அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தாள். கடைசியில், என்னவோபோல் என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறைக்கிறாள் என்றே நினைத்தேன். அந்த மனிதர் அன்று வாழைக்காய் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைச் சமைக்கக் கை வரவில்லை. அப்படியே வேலைக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கணவரிடம் எப்படிச் சொல்வது, ஃபாதரிடம் போவதா, போலீஸ் வரைக்கும் போகுமா என்று என் தலைக்குள் ஊரே திரண்டு நின்றது.

புதன்கிழமை, திருவிழாவுக்கான ஒன்பது நாள் வழிபாட்டில், நவநாள் திருப்பலியில் மன்றாட்டு வாசிக்க வேண்டியது நான். வரமுடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொண்ட வேலையாயிற்றே என்று, வீட்டில் இருக்கமாட்டேன் என்ற மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுதக் கூடாது. வாசிப்பவர் திருப்பலிக்கு முன் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் மைக்கில் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் கோயிலே சேர்ந்து பதில் சொல்லும். முன்கூட்டியே படித்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அன்று இருந்த மனநிலையில் படிக்கவில்லை.

மகனுக்கு வேலை கிடைக்க. அறுவை சிகிச்சை நல்லபடி முடிய. மருமகளுக்குக் குழந்தைப் பாக்கியம் கிடைக்க. அடுத்தது கோடு போட்ட நோட்டுத்தாள், நான்காக மடித்தது.

"சேம் சைடு கோல் போட்ட பிள்ளையை யாரும் சுட்டுவிடாமல் இருக்கவும், அந்தப் பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே இருக்கவும், இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

வாசித்து முடித்த பிறகுதான் கண் எழுத்தைப் பார்த்தது. 'உம்மை மன்றாடுகிறோம்' என்பது வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த முடிப்பு. 'இறைவா' என்பதில் அவள் எப்போதும் பெரிதாக வளைத்துப் போடும் அந்த 'இ'.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். எங்கோ இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் யாரோ 'ஷ்' என்றார்கள். நூற்றுக்கணக்கான பேர் என் மகளின் உயிருக்காக மன்றாடி முடித்திருந்தார்கள், அவர்களுக்கே தெரியாமல். கையில் இன்னும் ஆறேழு சீட்டுகள் இருந்தன. அவற்றை எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை. யாருடைய வேண்டுதலையாவது விட்டிருப்பேனோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது.

திருப்பலி முடிந்ததும் அந்தப் பெரியவரே என்னிடம் வந்தார். "யாரு பெத்த பிள்ளை தாயி இப்புடி எழுதிருக்கு? வயித்தைக் கலக்கிருச்சே."

"நான் பெத்ததுதான் மாமா" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று துப்பாக்கிபோல் நீட்டிய விரலை மறு கையால் பொத்திக்கொண்டார். "வெளாட்டுக்குல்ல சொன்னேன்... அடக் கடவுளே. பிள்ளையக் கூப்புடு, நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"இப்ப வேணாம் மாமா. ஒங்களப் பாத்தா ஓடுவா" என்றேன். முந்தின நாள் மாலையிலிருந்து அவரைப் பற்றி நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. நான்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது? வாழைக்காய் நன்றாக இருந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். அவளே முந்திக்கொண்டாள். "பேரு போடக் கூடாதுன்னு நீதான சொன்ன. நான் போடலையே."

"போடல. சரியாத்தான் எழுதியிருந்த." அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "தாத்தா வெளாட்டுக்குச் சொன்னாக பாப்பா. அவுககிட்டத் துப்பாக்கியெல்லாம் இல்ல."

"அது எனக்குத் தெரியும்மா. மொதல்ல தாத்தாதான் சுடுவாகன்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், அவுக வெளாட்டுக்குத்தான் சொன்னாக. ஆனா வேற யாராச்சும் இருக்கலாம்ல. அன்பியத்துல எல்லாரும் என் மேல கோவமா இருக்காக."

"யாருக்கும் கோவமில்ல."

அவள் கேட்டாள்: "நீ ஏம்மா சிரிச்ச?"

"எப்ப?" என்றேன்.

"கிளாஸ்ல அந்தக் கொலம்பியா அண்ணனைப் பத்திச் சொல்றப்ப அழுகுற மாதிரி சொன்ன. என்னையச் சொல்றப்பச் சிரிச்ச."

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று திங்கட்கிழமையிலிருந்து ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டிருந்தேன். டாக்டர், பள்ளி வேன் டிரைவர், டீச்சர்கள், அந்தப் பெரியவர். மைதானத்தில் நானும் சிரித்தது அதுவரை என் நினைவிலேயே இல்லை. அவள் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்தது. பெரியவர்கள் முன்னால் மருமகள்கள் சிரிக்கும் அந்தச் சின்னச் சிரிப்பு. பத்து வருடமாக நான் பழகி வைத்திருப்பது.

"தப்பு பண்ணிட்டேன் பாப்பா. மரியாதைக்குச் சிரிச்சேன்" என்றேன்.

அந்தப் பதிலை அவள் எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. "அந்த அண்ணன் கோல் போட்டுட்டு ஊருக்கு வந்தப்ப அவுகம்மா என்ன செஞ்சாக?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. எண்பது பக்க நோட்டில் கப்பல் இருந்தது, ஷூ டப்பா இருந்தது. ஓர் அம்மாகூட இல்லை. தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. கணவர் லீவு போட்டுவிட்டு வந்து, கூட்டம் முடியும்வரை அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பெரியவர் உள்ளே வராமல் வாசலில் நின்றே செபம் சொன்னார். போகும்போது, "ஆத்தா, நாளைக்கு மூணாவது எடத்துக்கு மேட்ச் இருக்கு. நீ இல்லாட்டி அங்குட்டு யாரு நிப்பா? இருக்கிறதே ஏழு பேரு" என்று மட்டும் சொன்னார்.

அவள் உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்: "வாரேன். ஆனா நீ கோலுக்குப் பின்னாடியே நிக்கணும். யாரு சிரிச்சாலும் நீ சிரிக்கக் கூடாது. மரியாதைக்குக்கூட."

சனிக்கிழமை மாலை முழுவதும் இடுப்பில் குழந்தையோடு கோல் வலைக்குப் பின்னால் நின்றேன். பந்து பக்கத்தில் வரும்போதெல்லாம் அவள் பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "ஏத்தா, பந்தைப் பாருத்தா!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். ஒரு கோல் அதனாலேயே போனது. இவளை இங்கே கூட்டி வந்தது அடுத்த தப்போ என்று நினைத்தேன். முகத்தை மட்டும் அசைக்கவில்லை.

இரண்டாம் பாதியில், எதிரணியில் ஒரு நெட்டைப் பையன் தனியாகப் பந்தைக் கொண்டுவந்தான். அண்ணனின் ஷூவைப் போட்டு வந்திருக்கிறான்போல. கோலுக்கு நேரே வந்து ஓங்கி உதைத்தான். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஷூ கழன்று பறந்து வந்தது. எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து, அந்த ஷூவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.

மைதானமே வெடித்துச் சிரித்தது. அங்கே தள்ளி நின்ற பெரியவர்கூடச் சிரித்துவிட்டு, சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் பார்த்தார். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா! இதுக்குச் சிரிக்கலாம்மா!" என்று கத்தினாள்.

அவள் அனுமதி கொடுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்து அவளுக்கு நாலடி தள்ளி, யாரும் தொடாமல் அப்படியே கிடந்தது. "பாப்பா, பந்து! பந்து!" என்று கத்தினேன். அவள் திரும்பி ஓடி, எங்கே போனாலும் போகட்டும் என்று ஓங்கி உதைத்தாள். மறுபடி என்னைப் பார்ப்பாள் என்று முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை. பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.